சுவரில் ஏறும் விரல்கள்

பவுலின் தன் விரல்களைச் சுவரிலிருந்து எடுத்த பிறகும் விரல் ஏறும் சத்தம் நிற்கவில்லை.

மார்புப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர் சிகிச்சையும் முடிந்து வந்தவளுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. சுவரைப் பார்த்து நின்று, நண்டு நடப்பதுபோல விரல்களை மேலே மேலே ஏற்ற வேண்டும். கை தலைக்கு மேல் போனால்தான் தேயிலைக் கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்க முடியும். வேலை போனால் தோட்டத்தில் கொடுத்த இந்த லயத்து வீடும் போய்விடும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் செய்தாள்.

பக்கத்து வீட்டுத் தங்கம்மாவுக்கும் அதே நோய், அதே பயிற்சி. அவள் செய்தால்தானே!

"வலிக்குதுக்கா. முடியல லா."

"புள்ள பெத்தவ, இதுக்குப் போயி அழுவுறியே. வெக்கமா இல்ல?"

கடைசியில் சிகிச்சையையும் விட்டுவிட்டு, எவனோ விற்ற வேர்த்தண்ணியைக் குடித்து, கை ஊதிப்போய்ச் செத்தாள். சாவு வீட்டில் பவுலினுக்கு எரிச்சல்தான் வந்தது. முட்டாளுக்கு வேறென்ன கிடைக்கும்?

சத்தம் அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் கூரைவரை போகாது. தகரத்துக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகச் சாயங்காலப் பனியும் தைல வாடையும் இறங்க, நகம் சுண்ணாம்பைப் பிறாண்டுவதும், நின்று மூச்சு வாங்குவதும், மறுபடி பிறாண்டுவதுமாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது.

தங்கம்மாவின் மகளுக்குப் போன் போட்டாள்.

"பூவிழி, வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

"இல்லியே ஆண்ட்டி. சாவி எங்கிட்டதான் இருக்கு. ஏன்?"

பவுலின் போனை வைத்தாள். சுவரில் கை வைத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒவ்வொரு விரலும் பதிவது உள்ளங்கையில் தெரிந்தது. பயந்துதான் போனாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"செத்தப்புறந்தான் புத்தி வந்துச்சா? இன்னும் மேல ஏத்துடி, பாப்போம்!"

சத்தம் நின்றது.

பிறகு வேகமாக ஏறியது. ஆள் உயரம் தாண்டி. மூச்சு வாங்கவில்லை. இப்போது வலியில்லை போலும்.

சுவரின் உச்சியில் விரல்கள் தெரிந்தன. ஊதிய விரல்கள். இந்தப் பக்கம் இறங்கின. மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. அதற்குப் பிறகும் கை வந்துகொண்டே இருந்தது.

பவுலினின் மணிக்கட்டைப் பிடித்தது.

"விடு தங்கம்! விட்ரு!"

மேலே இழுத்தது. தோளில் ஏதோ பிரிந்தது. குதிகால் எழும்பியது. கால்விரல் நுனியும் தரையை விட்டது.

அவள் கை தலைக்கு மேல் போனது. சுவரின் உச்சிக்குப் போனது. அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது.