ஞாயிற்றுக்கிழமை வராத மயக்கம்

"எம் மருமவ எனக்கு வெசம் வைக்கா, டாக்டரம்மா. போலீசக் கூப்பிடுங்க."

தூத்துக்குடி ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவுக்குள் வந்ததும் தேவபிரசாதம் பேசிய முதல் பேச்சே இதுதான். தோணி கட்டும் தச்சர். கூட வந்த மருமகள் ஜெனிலா சுவரோடு ஒட்டி நின்றாள்.

டாக்டர் கோமளவல்லி பதறவில்லை. "மயக்கம் எப்போ வருது அண்ணாச்சி?"

"பட்டறைக்கு டீ கொண்டாருவா. குடிச்சிட்டுச் சுத்தியல எடுத்தா கண்ணு இருட்டும், விழுந்துருவேன். ஞாயித்துக்கிழமையும் வீட்ல அதே டீதான், ஒண்ணும் செய்யாது. அன்னைக்கு எம்மவன் கூட இருப்பாம்லா, அந்தப் பயம்!"

பயிற்சி டாக்டர் விஜிலா ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். அவர் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினார். "இதுல கட்டு. அது சோறு போடுற கை."

வெளியே வந்து விஜிலா கிசுகிசுத்தாள். "ஈசிஜி, எக்கோ ரெண்டும் சுத்தம், மேடம். நிஜமாவே விஷமா? ரத்தத்த அனுப்பிட்டேன், முடிவு வர ரெண்டு நாளாகும்."

"அவ்வளவு நாள் அவரு பயந்தே செத்துருவாரு."

உண்மைதான். ஆஸ்பத்திரி ரொட்டியும், தானே மூடி திறந்த தண்ணீரும் தவிர எதையும் அவர் தொடவில்லை. கதவு அசைந்தாலே ஜெனிலாதான் வருகிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் டாக்டர் ஜெனிலாவையும் கட்டிலருகே கூப்பிட்டார். கிழவரின் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகப் பிடித்துக் கண்ணை மூடி நாடி பார்த்தார்.

"இடது கையிலயும் பட்டியக் கட்டு, விஜிலா."

விஜிலா கட்டிப் பார்த்துவிட்டு விழித்தாள். "வலதுல இருக்கிறதுல பாதிதான் இருக்கு!"

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை சுத்தியல் எடுப்பீங்களா?"

"பூசை நாள்ல எவன் எடுப்பான்?"

"இப்ப ஆணி அடிக்கிற மாதிரி இடது கைய ஓங்கி இறக்குங்க."

அவர் ஓங்கி ஓங்கி இறக்கினார். கை கனத்தது. ஜன்னல் இரண்டாகத் தெரிந்தது. தலையணையில் சரிந்தவரை டாக்டர் தாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு டீ யாரு தந்தா?" என்றார் மெதுவாக.

அவர் பார்வை ஜெனிலாவிடம் போனது.

"காறை எலும்புக்குக் கீழே இடது கைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. கை சும்மா இருந்தா பாதகமில்ல. ஓங்கி அடிக்கும்போது ரத்தம் பத்தாம, மூளைக்குப் போறதத் திருடுது. டீ குடிச்சதால இல்ல, அதுக்கப்புறம் அடிச்சதாலதான் மயக்கம். ஞாயித்துக்கிழமை டீ உண்டு, அடி இல்ல. குழாய்க்குள்ள கம்பிவிட்டு விரிச்சு சரி பண்ணலாம். இன்னைக்கே."

தேவபிரசாதம் தன் இடது கையையே பார்த்தார். வீட்டுக்குள் எதிரி என்றால் கதவைச் சாத்தலாம். உடம்புக்குள் இருப்பவனை என்ன செய்வது?

ஜெனிலா பையை எடுத்தாள். "நான் போறேன், மாமா. வெசம் வச்சவள்னு தெருவே பேசுது. ஒங்க மவன் வந்து பாத்துக்கிடட்டும்."

"ஏளா," என்றார். "போயிராத. எனக்குப் பயமா இருக்கு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போவீங்க, டாக்டர்?"