நூறு வயது மரமும் என் சைக்கிளும்

நான் யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன். பால்காரர் அளந்து ஊற்றினால்கூட குனிந்து பார்ப்பேன். "உன்ன போலீசுலதான் சேக்கணும் மேரி" என்று அப்பா கேலி செய்வார். செய்யட்டும்! நான் மட்டும் அப்படி இல்லாவிட்டால், என் சைக்கிள் ஒரு மரத்துக்கு விலையாகப் போயிருக்கும்.

அது 1987. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்தது. ரோட்டின் குறுக்கே புளியமரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. சங்கராபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ. அங்கேயும் யாரும் வரவில்லை.

வந்தவர் ஒரே ஒருவர்தான். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு நீலத் தொட்டி. தொட்டியில் முழங்கை உயரத்துக்கு ஒரு மரம். உயரம்தான் கம்மி. மற்றபடி கிழட்டு மரம் மாதிரி வளைந்து, பட்டையெல்லாம் வெடித்து நின்றது.

"சார், என் பேரு சின்னதுரை. இது ஜப்பான் பைன் மரம். போன்சாய்னு சொல்வாங்க. நூறு வயசு. மெட்ராஸ்ல இருபதாயிரம் தருவாங்க. பஸ் இல்லாம மாட்டிக்கினேன். ஒரு நூறு ரூபாயும் அந்த சைக்கிளும் குடுத்தா போதும், மரத்த நீங்களே வெச்சிக்குங்க."

அந்த சைக்கிள் என்னுடையது! அது போனால், பள்ளிக்கூடத்துக்குப் போக வர ஆறு கிலோமீட்டர் நான் நடக்க வேண்டும்.

அப்பாவோ மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்காலி பக்கத்துல இத வெச்சி போட்டோ எடுத்தா எப்டி இருக்கும்!" என்றார். போச்சுடா, என்று நினைத்தேன்.

"இருபதாயிரம் போற மரத்த ஒரு பழைய சைக்கிளுக்கு ஏம்பா குடுக்கறாரு?" என்று அப்பாவின் காதில் கேட்டேன்.

"அவசரம் மேரி. பாவம்."

அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இதுக்கு எத்தன வயசுங்க?" என்று கேட்டார்.

"எம்பதும்மா."

ஐந்தே நிமிடத்தில் இருபது வயது குறைந்துவிட்டது! நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் இரண்டு வாய் தண்ணீர்தான் குடித்தார். விரலால் தொட்டி மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, மிச்சத்தை மரத்துக்கு ஊற்றினார். விற்கப் போகிற மரத்துக்கு யாராவது இப்படிச் செய்வார்களா? அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நான் போய் மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊசி ஊசியாக இலை. எங்கேயோ பார்த்திருக்கிறேனே! ஒன்றைக் கிள்ளி லேசாக இழுத்தேன். கணுவில் கழன்று வந்தது. மறுபடி சொருகினேன். அப்படியே பொருந்திக்கொண்டது.

அட! இது எங்கள் விளையாட்டாயிற்றே! பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற சவுக்குத் தோப்பில் தினமும் விளையாடுவோம். இலையை ஒரு கணுவில் பிரித்து, மறுபடி சொருகி நீட்ட வேண்டும். எங்கே பிரித்தோம் என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும்.

"எங்க பிரிச்சேன் சொல்லுங்கப்பா?" என்று இலையை நீட்டினேன்.

அப்பாவும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். இலையை வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "சவுக்கா?"

"சவுக்கேதான்!"

"பந்தலுக்கு நடுற கழியக் கொண்டாந்து ஜப்பான்னு சொல்றியா? இன்னாய்யா நெனச்சிக்கினு இருக்க?" என்று அப்பா கத்தினார்.

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டார். "பொய்தாங்க சொன்னேன். ஆனா இருபத்தாறு வருஷமா நானே வளத்த மரம். கள்ளக்குறிச்சியில ஒரு பெரிய வூட்ல சவுக்குன்னு உண்மையத்தான் சொன்னேன். சிரிச்சி அனுப்பிட்டாங்க. எம் பொண்ணு மணலூர்பேட்டையில இருக்கா. அம்மா இல்லாத பொண்ணு. சாயங்காலமே வந்துடறேன்னு பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்தேன். நாலு நாளாச்சி. இதுக்கு மேல நடக்க முடியலீங்க."

இதுவும் பொய்யாக இருக்குமோ? அவர் பாதத்தைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. அது பொய்யில்லை. மரத்துக்கு ஊற்றிய தண்ணீரும் பொய்யில்லை.

"சைக்கிள எடுத்துக்கினு போங்க" என்றேன். "வெலைக்கு இல்ல. மரம் இங்கயே இருக்கட்டும். சைக்கிளக் கொண்டாந்து குடுத்துட்டு மரத்த எடுத்துக்கினு போங்க."

"ஒரு சவுக்குக்காக எவன் மேரி திரும்பி வருவான்?" என்றார் அப்பா.

"இருபத்தாறு வருஷம்னு சொன்னது நெஜமா இருந்தா வருவாரு."

பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, அவர் சைக்கிளில் ஏறிப் போனபோது தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன்.

மறியல் முடிந்தது. பஸ் ஓடியது. பள்ளிக்கூடம் திறந்தது. சின்னதுரை மட்டும் வரவில்லை. ஐந்து நாள் நடந்தே போனேன். செருப்பு வார் அறுந்துவிட்டது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது, "உன் ஆளு வருவாரா மாட்டாரா?" என்று மரத்தையே கேட்பேன்.

அப்பாவோ நாற்காலி பக்கத்தில் மரத்தை வைத்து ஜோராகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். யாராவது கேட்டால், "ஜப்பான் மரங்க" என்பார். "அப்பா!" என்று நான் கத்துவேன்.

ஆறாம் நாள் ஆதிமூலம் ஐயா போட்டோ எடுக்க வந்தார். அவர் தோட்டக்கலை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். "இது என்ன மரம்?" என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறப்பதற்குள், "சவுக்கு!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பாசியை விலக்கி வேரைப் பார்த்தார். கிளைகளைத் தடவினார். "வேர் நாலு பக்கமும் ஒரே மாதிரி புடிச்சிருக்கு. வெட்டின காயமெல்லாம் தடம் தெரியாம மூடிக்கினு இருக்கு. இருபத்தஞ்சு வருஷமாச்சும் ஆயிருக்கும். மூவாயிரம் தர்றேன், குடுக்கறீங்களா?" என்றார்.

அப்பா என்னை ஓரமாக இழுத்தார். "நாலு சைக்கிள் வாங்கலாம் மேரி! அந்த ஆளு இனிமே வர மாட்டான்."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கால் வேறு வலித்தது. "மரம் நம்மளுது இல்லப்பா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆதிமூலம் ஐயா ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் மணிச் சத்தம். என் சைக்கிள் மணி! ஓடினேன். சின்னதுரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல். அதான் லேட்டாயிடுச்சி" என்றார்.

நான் முதல் வேலையாக பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். டயரை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்தால், சின்னதுரை மரத்தின் முன்னால் குந்தியிருந்தார். மண்ணை அழுத்திப் பார்த்தார். கிளைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இன்னாங்க, சந்தேகமா?" என்றேன்.

"பின்ன? மரத்த வித்திருப்பீங்களோன்னு வழியெல்லாம் பயந்துக்கினே வந்தேன்."

அப்பா இருமினார்.

நான் அந்தச் சீட்டை நீட்டினேன். "இவரு மூவாயிரம் தர்றேன்னு சொன்னாரு. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்."

அவர் சீட்டைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார்.

"சவுக்குன்னு சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"சொல்லியுமா?"

"ஆமா."

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டு, "சவுக்குன்னு சொல்லியுமா?" என்று மறுபடியும் கேட்டார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அவர் எத்தனை முறை கேட்டாலும் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஆமாங்க" என்றேன். "சவுக்குன்னு சொல்லியும்தான்!"