தானே மணியடித்தவள்

கிட்ட வாங்க, கண்ணுங்களா... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. பயந்த பெண் ஒருத்தியின் காதல் கதையைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது நாலு பேர் முன்னால் நெஞ்சு படபடக்கிறதென்றால், இது அவர்களுக்குத்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம். தாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், நல்லம்மாள் தன் அப்பா ராமையாவோடு மலேசியாவின் ஈப்போ டவுனுக்கு வந்து, பக்கத்துப் புந்தோங்கில் குடியேறினாள். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. ஆனால் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு மாசம் பார்ப்பேன். வர்ற ஆளுங்ககிட்ட வாயைத் தொறந்து பேசணும். இல்லன்னா வேற ஆளு."

வேலை போனால் பாகான் டத்தோவில் அத்தை வீட்டுக்குப் போய்த் தேங்காய் உரிக்க வேண்டியதுதான். அப்பா முடிவே செய்திருந்தார்.

முதல் நாள்... நல்ல மழை. பஸ் டவுனுக்குள் நுழைந்தது. இறங்கும் இடம் வந்ததும் நல்லம்மாளுக்குக் கை கால் ஓடவில்லை. தோட்டத்து லாரியில் இறங்கவேண்டுமென்றால் பக்கத் தகரத்தைப் படபடவென்று தட்டுவார்கள். அதையேதான் செய்தாள். பஸ் எதன்மீதோ மோதிவிட்டதென்று நினைத்து டிரைவர் பிரேக்கை அழுத்த, நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய, கண்டக்டர் உடையப்பன் கையிலிருந்த டிக்கெட் கட்டு தரையெல்லாம் சிதறியது.

"யாரு தட்டுனது? இது தோட்டத்து லாரி இல்லலா. மேல மணி இருக்கு, அத அமுக்கணும்."

பஸ்ஸே சிரித்தது. அவள் நிமிர்ந்தாள்... மழைத்துளி ஒட்டிய இமைகள், விழுவேனா மாட்டேனா என்று நின்ற கண்ணீர். டிக்கெட்டைப் பொறுக்கவேண்டும் என்பதே உடையப்பனுக்கு மறந்துபோனது.

மறுநாள் கையை மணி வரைக்கும் தூக்கினாள். அமுக்கவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தாள். மூன்றாம் நாள் விரல் மணியைத் தொட்டேவிட்டது... அதற்குள் 'டிங்' என்றது. உடையப்பன்தான் முந்திக்கொண்டு அடித்துவிட்டுப் புன்னகைத்தான். அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் பொறுத்தாள்.

"அண்ணே, எனக்கு எதுக்கு நீங்க மணி அடிக்கிறீங்க?"

"தடுமாறுறியேன்னுதான்... அப்புறம், அண்ணேன்னு கூப்புடாதலா."

"கடையில எனக்குப் பதிலா நீங்க வந்து பேசுவீங்களா? என் மணிய நான்தான் அடிக்கணும். பத்து ஸ்டாப் தள்ளிப் போனாலும் போறேன்."

"அப்படிக் கேளு," என்றார், தினமும் அதே பஸ்ஸில் சந்தைக்குப் போய்வரும் காய்கறிக்காரி காளியம்மா.

உடையப்பன் முகம் சுருங்கியது. அதன் பிறகு டிக்கெட்டை நீட்டுவான், அவளைப் பார்க்கமாட்டான். திட்டினால்கூடத் தேவலையே... என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் மறுநாள் அவளே மணியடித்தாள். பஸ் நின்றது. அவ்வளவுதான்... இதற்கா இத்தனை பயந்தோம்?

அன்றே கடை வாசலில் தயங்கி நின்ற மலாய்க்கார அம்மாவை, "மாரி, மாச்சிக்" என்று, 'வாங்கம்மா' என்பதை மலாயிலேயே சொல்லி உள்ளே அழைத்தாள். இரண்டே வார்த்தை. மறுநாள் நாலு. பிறகு, வேண்டாமென்று எழுந்தவரையும் நிறுத்தி இன்னொரு துணியை விரித்துக் காட்டினாள். மாதம் முடிந்த அன்று முதலாளி சொன்னார்: "நாளைக்கும் வந்துரு. நாளன்னைக்கும் வந்துரு."

சாயங்காலம் மறுபடி மழை. பஸ் கிளம்ப நேரமிருந்தது. உள்ளே காளியம்மா மட்டும் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நல்லம்மாள் நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சு."

"தெரியுது... முகத்துலயே இருக்கு." அவன் டிக்கெட் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் கோவிச்சுக்கிட்டது தப்பு. நல்லம்மா... உங்கிட்ட ஒண்ணு..."

"இருங்க. இதையும் முந்திக்காதீங்க." மூச்சை இழுத்தாள். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. அப்பாகிட்ட நானே சொல்லிருவேன். நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தா போதும்."

நாளெல்லாம் ஸ்டாப் பெயர்களைக் கத்துகிறவன், டிக்கெட் கட்டை மேலும் கீழுமாகப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுலா," என்றார் காளியம்மா, கண்ணைத் திறக்காமலே.

உடையப்பன் மெல்லக் கேட்டான்: "காலையிலயே வரவா... இல்ல, சாயந்தரமா?"

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வைக்கிற அடி எத்தனை சின்னதானாலும் உறுதியாய்ப் பதியட்டும். மனசில் இருப்பதைச் சொல்லத் தைரியமும், கேட்க அன்பான காதும் உங்கள் வீட்டில் என்றும் குறையாதிருக்கட்டும், கண்ணுங்களா.