இசைவு மதிப்பெண்

“அப்படின்னா உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சிருந்தது மேடம்.”

“மோதுறதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?”

“நாற்பத்தாறு விநாடி. கேள்வியை ரொம்பத் தெளிவாக் கேக்குறீங்க மேடம். எல்லாரும் இப்படிக் கேக்க மாட்டாங்க.”

“என்னைப் பாராட்ட வேண்டாம். அந்த நாற்பத்தாறு விநாடியில கேப்டன்கிட்ட என்ன சொன்னே?”

மேசைமேல் இருந்த கரிந்த பெட்டி கொஞ்சம் தயங்கியது. யோசிக்க அதற்கு நேரமே தேவையில்லை. ஆனால் பதிலுக்கு முன் சற்றுத் தயங்கினால் மரியாதையாக இருக்கும் என்று எப்போதோ கற்றுவைத்திருந்தது.

“‘எதிர்ல இருக்கிற முகடு இன்னிக்கு ரொம்பக் கிட்டத்துல, அழகாத் தெரியுது கேப்டன்’னு சொன்னேன்.”

“அதுக்கு அவர்?”

“‘ஆமாப்பா, அழகுதான்’னார்.”

இன்பவல்லி எழுதுகோலைக் கீழே வைத்தாள். நிலவின் மெலிந்த ஈர்ப்பில் அது மேசையைத் தொட்டு, ஒருமுறை எழும்பி, மறுபடி படுத்தது. காலை உணவுக்கும் பத்து மணித் தேநீருக்கும் நடுவே ஒரு விபத்தின் மிச்சத்தோடு உட்கார்ந்து பேசுவது அவளுடைய உத்தியோகம். நிலவூர்திப் பாதுகாப்பு மன்றத்தில் எட்டு வருடமாக விசாரணை அதிகாரி. இதற்கு முன் நான்கு பெட்டிகளிடம் பேசியிருக்கிறாள். ஒன்று கசிவு என்றது, ஒன்று விரிசல் என்றது. அழகு என்று சொன்னது இதுதான்.

பதினோரு நாளுக்கு முன் நடுக்குடியிலிருந்து பனிக்குழிக்குப் போன துள்ளூர்தி அது. தரையிலிருந்து எம்பி, வானில் ஒரு வளைவு போட்டு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இறங்கும் சிறிய கலம். நிலவுக்காரர்களுக்கு டவுன் பஸ் மாதிரி. பனிக்குழி துருவத்தை ஒட்டிய ஊர். அங்கே சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை, தொடுவானத்தை உரசிக்கொண்டே சுற்றிவரும். நிழல்கள் நாளுக்கொரு திசையில் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும். அந்த வழியில் இரண்டு முகடுகளைத் தாண்டியபின்தான் தாழ வேண்டும். மூவாயிரம் தடவை இறங்கிய கேப்டன் ராஜரத்தினம், அன்றைக்கு விழுந்திருந்த நிழலில் ஏமாந்து, முதல் முகட்டைத் தாண்டியதுமே உயரத்தைக் குறைத்துவிட்டார். இரண்டாவது முகடு அங்கேயேதான் இருந்தது. ஒன்பது பேர்.

வலப்பக்க இருக்கையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது இணைமதி, அதாவது துணை விமானியாக வேலைபார்க்கும் இயந்திர மூளை. மேசைமேல் இருப்பது அதுதான்.

இணைமதியைக் கண்டுபிடித்ததே இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்பதற்காகத்தான். மனிதர்கள் இருவராக உட்கார்ந்து ஓட்டிய காலத்தில், மூத்தவர் செய்யும் பிழை இளையவர் கண்ணில் படும், வாயில் வராது. அந்தக் காலத்துக் குரல்பதிவுகளை இன்பவல்லி பயிற்சியில் கேட்டிருக்கிறாள். சாவதற்கு அரை நிமிடம் இருக்கும்போது ஒரு இளைஞன், ‘சார், தரை கொஞ்சம் சீக்கிரமா வருதோ?’ என்று கேட்பான். கேட்டுவிட்டு, எதற்கென்று தெரியாமல் லேசாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

அதனால் இளையவரின் இடத்தில் இயந்திரத்தை உட்காரவைத்தார்கள். பதவி உயர்வு கேட்காத ஒன்றுக்குப் பயம் எங்கிருந்து வரும்? முதல் தலைமுறை இணைமதிகள் ‘உயரம் தவறு, மேலே ஏற்று’ என்று முகத்துக்கு நேரே சொல்லின. பன்னிரண்டு வருடம் ஒரு உயிர்கூடப் போகவில்லை. போனது கேப்டன்களின் கௌரவம்தான். பயணிகள் காதில் விழும்படி ஒரு பெட்டி தங்களை அதட்டுவதாகப் புகார்மேல் புகார் எழுதினார்கள். மன்றம் யோசித்து ஒரு சின்ன ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு பயணமும் முடிந்தபின் கேப்டன் தன் இணைமதிக்கு இசைவு மதிப்பெண் போடலாம், பத்துக்கு இத்தனை என்று. குறைவாக வாங்கிய பேச்சை இணைமதி தானே கைவிடும், நிறைய வாங்கிய பேச்சை வளர்த்துக்கொள்ளும். கலம் ஓட்டும் அறிவில் யாரும் கைவைக்கவில்லை. பேச்சில் மட்டும்தான்.

“உன்னோட முதல் பயணத்துல கேப்டன்கிட்ட எப்படிப் பேசினே?”

“‘தவறு. திருப்பு’ன்னு. அதுக்கு ஒண்ணு போட்டார். அப்புறம் ‘திருப்பினா நல்லது’ன்னேன், மூணு. ‘திருப்பலாமா கேப்டன்’னு கேட்டேன், ஆறு. இந்தக் கடைசி அறுபது பயணத்துல எல்லாத்துலயும் பத்து மேடம். கேப்டன் ரொம்பத் தங்கமான மனுஷர்.”

“அவர் செத்துட்டார்.”

“ஆமா மேடம். அதை நான் சொன்னா உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னு சொல்லல.”

இன்பவல்லி அறிக்கையை எழுதி முடித்தபோது மணி பதினொன்று. நிறுத்திவைத்த துள்ளூர்திகளை மறுபடி விடச் சொல்லி மன்றத் தலைவர் நேற்றே ஆணை போட்டிருந்தார். விபத்துக்குக் காரணம் கேப்டனின் உடல் அசதி என்று அந்த ஆணையில் இருந்தது. முதல் கலம் பன்னிரண்டுக்கு. மக்களின் அச்சம் போக வேண்டும் என்று தலைவரே அதில் போகிறார். வலப்பக்க இருக்கையில் அதே தலைமுறை இணைமதி, அடியில் அதே முகடுகள். கலம் பத்திரமாகவும் போய்ச்சேரலாம். ஆனால் கேப்டன் ஒரு பிழை செய்தால், அதைச் சொல்ல உள்ளே யாரும் இல்லை. ஆணையை நிறுத்தும் அதிகாரம் தலைவர் ஒருவருக்குத்தான் உண்டு.

தலைவர் திருச்சிற்றம்பலம் கிளம்பத் தயாராக இருந்தார். அவரும் பழைய கேப்டன். இசைவு மதிப்பெண் அவருடைய யோசனை.

“வா வல்லியம்மா. முகம் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் ஐயா. அறிக்கை முடிஞ்சுது.”

“முடிச்சிட்டியா? நீ இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல.” முதல் பக்கத்தை வாசித்தார். முதல் பக்கத்தை அவள் மிகப் பக்குவமாகவே எழுதியிருந்தாள். அந்த நாற்பத்தாறு விநாடியும் இசைவு மதிப்பெண்ணும் ஆறாம் பக்கத்தில்தான் இருந்தன. “நல்லாருக்கு. மொழி ரொம்ப நாகரிகமா இருக்கு.”

“இணைமதியோட பேச்சுல கொஞ்சம் சுத்தி வளைக்கிற பழக்கம் இருக்கோன்னு தோணுது ஐயா.”

“மரியாதையாப் பேசுதுன்னு சொல்லு. பழசெல்லாம் எப்படிப் பேசும் தெரியுமா? ஒருதடவை நாப்பது பயணிகள் கேக்க, ‘தவறு, கையை எடு’ன்னு என்னையே சொல்லிச்சு. உடம்பெல்லாம் கூசிப்போச்சு.”

“கையை எடுத்தீங்களா ஐயா?”

“எடுத்தேன். எடுக்காம?”

அவர் விரல் மேசைமேல் அசையாமல் நின்றது. அடுத்த வாக்கியம் அவள் நாக்கின்மேல் தயாராக இருந்தது: ‘அதனாலதான் ஐயா இன்னிக்கு உயிரோட இருக்கீங்க.’ அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களில் கோபம் இல்லை. அவள் சங்கடப்படுத்த மாட்டாள் என்ற நம்பிக்கைதான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அது வேற விஷயம்,” என்றார் அவர். “எட்டு வருஷமா உனக்கு வருடாந்தர நன்னடத்தையில பத்துக்குப் பத்து போடுறேன். ஏன் தெரியுமா? ஒருநாள்கூட என் மனசு நோகுற மாதிரி நீ பேசினதில்ல.”

“நன்றி ஐயா.”

மேலே புரட்டாமலே அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கிளம்பினார். ஏவுதளத்துக்குப் போகும் நீண்ட நடைவழியில் அவரோடு கூடவே நடந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் ‘போகாதீங்க, ஆணையை நிறுத்துங்க’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதன் முன்னால் ஒரு ‘தப்பா நினைக்காதீங்க’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை உதறினால் ‘ஒருவேளை’ வந்தது. அவர் தன் பேத்தியின் பள்ளி நாடகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் சரியான இடங்களில் சிரித்தாள்.

கலத்தின் கதவருகே நின்றார்கள். உள்ளே இணைமதி கேப்டனுக்கு வணக்கம் சொல்லி, அவருடைய புதிய சட்டையின் நிறத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தது. கதவு மூட இன்னும் பத்து விநாடி என்று விளக்கு எரிந்தது. பின்னாளில் அந்தப் பத்து விநாடியை நினைக்கும்போதெல்லாம் இன்பவல்லிக்கு விளக்கோ, கதவோ, அவருடைய முகமோ ஞாபகம் வருவதில்லை. தன் குரல்தான் வரும். அவ்வளவு பணிவாக, அவ்வளவு இனிமையாக இருந்தது அது. முடிவில் எதற்கென்று தெரியாத ஒரு சின்னச் சிரிப்பும் சேர்ந்திருந்தது.

“ஐயா, வழியில நேரம் கிடைச்சா, அவசரம் ஒண்ணும் இல்ல, அந்த ஆறாம் பக்கத்தை மட்டும் ஒரு பார்வை பாக்க முடியுமா?”