பொம்மையின் நாடி

பயிற்சி அறையில் படுத்திருந்த ரப்பர் பொம்மையின் கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. கட்டில் கம்பியே சில்லிட்டுப்போகும் ஏசி குளிரில், பினாயில் நெடியும் ரப்பர் வாடையும் கலந்து தொண்டையை அடைக்கும் அந்த ஜன்னலில்லாத அறையில், இது மட்டும் எப்படிச் சூடாக இருக்கிறது என்று நர்ஸுக்குப் பிடிபடவில்லை. உள்ளே மோட்டார் சூடாகியிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். மூச்சுப்பேச்சில்லாத நோயாளியை மீட்கும் இந்தப் பரீட்சையில் இன்றும் கோட்டை விட்டால் ஐசியூ வேலை போய்விடும்.

நெஞ்சில் முப்பது அழுத்தம், மாஸ்க் மாட்டிய காற்றுப் பையால் இரண்டு மூச்சு. தோள்பட்டை விட்டுப்போகும்வரை செய்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பொம்மையை இயக்கும் பயிற்சியாளர் மைக்கில் சொன்னார்.

"போதும்மா. பேஷன்ட் போயாச்சு. கையை எடுங்க."

மானிட்டர் அணைந்தது. மோட்டார் இரைச்சலும் நின்றது. பொம்மையின் கழுத்தில் வைத்த அவள் விரலடியில் மட்டும் துடித்தது.

"சார், நாடி இருக்கு."

"ஆஃப் பண்ணிட்டேன்மா. அது உங்க விரலோட துடிப்பு. பதட்டத்துல அப்படித்தான் தெரியும்."

போன மாதம் ஐசியூவில் பெரிய டாக்டரும் அச்சு அசலாக இதைத்தான் சொன்னார். ஏழாம் கட்டில் வாத்தியாருக்கு இவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். அவர் போய்விட்டார் என்று டாக்டர் சொன்னபோது அவர் கழுத்திலும் இப்படித்தான் துடித்தது. பெரிய டாக்டரே சொன்ன பிறகு நாம் யார் என்று வாயை மூடிக்கொண்டு கையை எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒருவாய்ச் சாப்பாடு நிம்மதியாக இறங்கவில்லை.

இடது கையால் தன் கழுத்தைத் தொட்டாள். அவள் நாடி தடதடவென்று ஓடியது.

பொம்மையுடையது ஓடவில்லை. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

இரண்டும் ஒன்றல்ல. கோபம் வந்தது. மாஸ்க்கைப் பொம்மையின் முகத்தில் அழுத்திப் பிடித்துப் பையை அமுக்கினாள்.

பயிற்சியாளர் உள்ளே வந்து ஒயரைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார். "பாருங்க. கரன்டே இல்ல. நிறுத்தலைன்னா ஃபெயில் போட்டுடுவேன்."

"போட்டுக்கோங்க சார். இந்தத் தடவை கையை எடுக்க மாட்டேன்."

அமுக்கினாள். விட்டாள். காத்திருந்தாள்.

மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படர்ந்தது.

மறைந்தது. மறுபடி படர்ந்தது.

பயிற்சியாளர் கையிலிருந்து ஒயர் நழுவியது.

மெத்தையில் கிடந்த கை அசைந்தது. ஒன்றோடொன்று ஒட்டி வார்த்த ரப்பர் விரல்கள், ஒவ்வொன்றாகக் கிழிந்து பிரிந்தன. மேலே வந்தன. மாஸ்க்கைப் பிடித்திருந்த அவள் கையைத் தடவின. மோதிரவிரலைத் தாண்டின.

சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டன.

"இருக்கேன் சார்," என்றாள் அவள், கட்டிலைப் பார்த்து. பையை அமுக்கினாள்.

பிடி இறுகியது.