அணைக்குப் பக்கத்து முட்டைகள்

"கரண்ட் எப்படிடி போகும்? அணையே எங்க வீட்டுக்குப் பின்னாலதானே இருக்கு?"

இப்படிச் சொல்லித்தான் லுயாண்டோ, தோழி சூல்வேயின் கினிக்கோழி முட்டைகளை வாங்கி, அம்மாவின் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்தாள். பெட்டிக்குள் விளக்கு எரிந்தால்தான் முட்டைகளுக்குச் சூடு. தலைநகர் லுசாக்கா இருண்டாலும் அணையோரத்துத் தங்கள் ஊர் சியாவொங்கா இருளாது என்று நம்பினாள்.

குஞ்சுகள் வெளிவரப் பத்து நாள் இருக்கும்போது விளக்கு அணைந்தது. மழை வரும்வரை தினமும் கொஞ்ச நேரம்தான் மின்சாரமாம். வானொலியில் கேட்டதாக அம்மா சொன்னார். லுயாண்டோ நம்பாமல் அணை தேக்கிவைத்திருக்கும் ஏரிக்கு ஓடினாள்.

கரையில் அப்படியே நின்றுவிட்டாள்.

படகுத்துறை காய்ந்த சேற்றின்மேல் நின்றது. போன விடுமுறையில் அவள் நீந்திய இடத்தில் ஆடுகள் மேய்ந்தன. என்றோ மூழ்கிய மரங்கள் தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தலைநீட்டின.

அப்பா வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இவ்ளோ தண்ணி இருக்கேப்பா?"

"இருக்கு. ஆனா அணைக்குள்ள தண்ணி போற வாய்க்கு மேல கொஞ்சம்தான் நிக்குது. கீழ கிடக்கிறது மீனுக்குத்தான் ஆகும், கரண்ட் எடுக்கிற சக்கரம் அதுல சுத்தாது. நாடே இந்த ஒரு ஏரிய நம்பிட்டு இருக்கு, மழை ஏமாத்திடுச்சு."

வீட்டுக்கு வந்து முட்டைகளைத் தொட்டாள். சூடு குறைந்திருந்தது. போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு சூல்வே வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னாள்.

சூல்வே முறைத்தாள். "உங்க அணையையே அடைகாக்கச் சொல்லு."

லுயாண்டோ தலையை நிமிர்த்தினாள். "உங்க கினிக்கோழி அடைகாக்காதா?"

"அதுவா? முட்டை போட்டதையே மறந்துடும்."

"அப்போ வேற யார் வீட்டுலயாவது அடைக்கோழி இருக்கும். கோழிக்குக் கரண்ட் வேணாமே. வா, கேட்கலாம்."

இருவரும் வீடு வீடாகக் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. கடைசியில், மீன் காயவைக்கும் அக்காவிடம் இரண்டு நாட்டுக்கோழிகள் அடையில் இருந்தன. பொரியும் குஞ்சுகளில் இரண்டு தனக்கு வேண்டும் என்றார் அக்கா. சூல்வே தலையாட்டினாள். அவற்றில் கறுப்புக்கோழி லுயாண்டோவின் விரலைக் கொத்திவிட்டுத்தான் முட்டைகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து, ஓடுகளை உடைத்துக்கொண்டு முதுகெல்லாம் வரிவரியாகக் குஞ்சுகள் வந்தன. சில முட்டைகள் பொரியவே இல்லை.

கறுப்புக்கோழி ஒரு குஞ்சைப் பார்த்தது. தலையைச் சாய்த்து மறு கண்ணாலும் பார்த்தது. இரண்டடி பின்வாங்கியது.

பிறகு இறக்கையை விரித்து, எல்லாவற்றையும் உள்ளே அழைத்துக்கொண்டது.