நிமிர்சட்டை

"தோள் நிமிர்ந்துள்ளது. துயரக் குறி இல்லை. விடுப்பு மறுக்கப்படுகிறது" என்றது மெய்நடுவன், உடலைப் படித்து விடுப்பை முடிவுசெய்யும் இயந்திரம்.

வெற்றிச்செல்வி மறுபடியும் அதன் கண்ணாடியின் முன் நின்றாள். மருத்துவமனையில் அவள் கணவன் முகிலன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான். "சீக்கிரம் வாங்க அண்ணி, அண்ணன் கதவையே பாத்துட்டிருக்கு" என்று நாத்தனார் தேன்மொழி அலைபேசியில் கதறியிருந்தாள்.

அந்த மின்கலத் தொழிற்சாலையில் வாய்ச்சொல்லுக்கு விடுப்பில்லை. வாய் பொய் சொல்லும், உடல் சொல்லாது என்பது விதி. தோளும் முதுகும் கையும் துயரம் காட்டினால்தான் வாயிற்கதவு திறக்கும்.

அவள் உடைக்கு மேலோ நிமிர்சட்டை! மேலாளர் முன் கைகட்டி, முதுகு வளைத்து, நாக்குழற நின்ற சக தொழிலாளர்களைக் கண்டு கொதித்தவள் அவள். "குனிந்தது போதும்! கட்டிய கைகளை அவிழ்ப்போம்!" என்று வாயிற்கூட்டங்களில் முழங்கி அவளே பெற்றுத்தந்த சட்டை அது. முதுகு வளைந்தால் அதன் இழைகள் இறுகி நிமிர்த்தும். கைகட்ட முயன்றால் விலக்கிவிடும்.

"மனுசன் ஆள் பாத்து லீவு குடுப்பான், மெஷினே முடிவு பண்ணட்டும்னு கேட்டு வாங்குனதும் நீங்கதானேக்கா" என்றார் விடுப்பு அலுவலர் தனராஜ், தலையை உயர்த்தாமல்.

"வேலையே வேணாம் தம்பி. கதவத் திற."

"ராஜினாமாவும் வேலை முடியுற சங்கு ஊதுனப்புறந்தான் செல்லும். கதவு என் கையிலயா இருக்கு? சட்டையக் கழட்டிட்டு நின்னு பாருங்க. நான் எதையும் பாக்கல."

கழற்றி எறிந்தாள். குனி என்று முதுகுக்கு ஆணையிட்டாள். ஆண்டுக்கணக்கில் நிமிர்ந்தே பழகிய முதுகு கேட்க மறுத்தது. கைகளைக் கட்டினாள், அவை தாமாகவே விலகித் தொங்கின. கண்ணீர் மட்டும் வழிந்தது. முகத்தைப் படிக்க மெய்நடுவனுக்கு அனுமதியில்லை. சிரிக்கச் சொல்லி மேலாளர்கள் வதைத்த காலத்தில் அந்தத் தடையையும் அவள்தான் போராடிப் பெற்றிருந்தாள்.

"நலமாக உள்ளீர்கள். பணிக்குத் திரும்பலாம்."

அலைபேசி ஒலித்தது. தேன்மொழியின் குரலில் இப்போது அழுகை இல்லை.

"இனிமே அவசரமில்ல அண்ணி. மெதுவாவே வாங்க."

அலைபேசியின் ஒலிபெருக்கி வழியே அது அறை முழுதும் கேட்டது. விடுப்புக்காக அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற தொழிலாளர்கள் அவள் முதுகையே பார்த்தார்கள்.

"புருசன் போன சேதி கேட்டும் எப்பிடி நிக்கிறாங்க பாருடி!" என்று ஒருத்தி வியந்தாள். "அசையல பாரு. நெஞ்சுரம்னா இதான்."

அவளைத் தாங்கிப் பிடிக்க ஒருவரும் முன்வரவில்லை.